காவற்கலங்களுக்கு ஒரு புதிய கண்

புறப்பகையினும் உட்பகை கொடிது. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தனர். உடலகத்து அத்தகைய உட்பகையாவது புற்றுநோய். வெளியிலிருந்து வரும் கிருமியை எளிதில் இனங்காணும் வெண்குருதிக் கலங்கள், உடலின் சொந்தக் கலமே திரிந்து பகையாகுமிடத்துப் பெரும்பாலும் ஏமாறுகின்றன. இக்குறையை நீக்கப் பரம்பரையலகைக் கருவியாகக் கொள்ளும் முறை இக்காலத்தே தோன்றியுள்ளது.

அம்முறை வருமாறு: நோயாளியின் குருதியினின்று ரி கலங்கள் பிரித்தெடுக்கப்படும். நோய் விளைக்கும் ஆற்றல் நீக்கப்பெற்ற வைரசு ஒன்றன் வாயிலாக அவற்றுட் புதியதொரு பரம்பரையலகு செலுத்தப்படும். அதன் பயனாக அக்கலங்களின் மேற்பரப்பிற் புதிய வாங்கி ஒன்று தோன்றும். பீ கலங்களின்மேல் உள்ள சீ.டி. 19 என்னும் புரதத்தை அது பற்றும். ஆய்வுகூடத்திற் பெருக்கி மீண்டும் உடலிற் செலுத்தப்படும் இக்கலங்கள், அப்புரதந் தாங்கிய புற்றுக்கலங்களைத் தேடி அழிக்கும். நலமுள்ள பீ கலங்களும் உடன் அழிதல் இதன்கண் உள்ள குறையாம். கடுங்காய்ச்சலும் குருதியமுக்க வீழ்ச்சியும் நேர்தலுமுண்டு.

அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு இம்முறை முதன்முதல் அனுமதி பெற்றது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மருத்துவமனையும் கூடி உருவாக்கிய ‘நெக்ஸ்கார் 19’ என்பது 2023 ஒக்டோபரில் இந்திய அரசின் அனுமதி எய்தியது. அதன் செலவு அமெரிக்கச் செலவில் ஏறத்தாழப் பத்திலொன்று. எனினும் அதுவும் பல இலட்சம் ரூபாவாதலின் எளியோர்க்கு எட்டாததே.

மற்றுமோர் உண்மையும் ஈண்டு நோக்கற்பாலது. இது குருதிப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றுட் சிலவற்றிற்கே உரியது. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படுவதோ வாய்ப்புற்றுநோய். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கம் அதற்கு முதன்மையான காரணம். இறம்பொடை முதலாய மலையகத் தோட்டங்களில் அவ்வழக்கம் இன்றும் நிலவுகின்றது. வாய்ப்புற்று திண்மக் கட்டியாம். அதனுட் காவற்கலங்கள் புகுதல் அரிது; அதன் கலங்கள் யாவும் ஒரே அடையாளத்தைத் தாங்குவதுமில்லை. ஆதலின் அதற்கு இம்முறை இன்னும் வழக்கிலுள்ள மருத்துவம் அன்று.

ஆயினும் குருதிப்புற்றிற்கு இல்லாத ஒரு வாய்ப்பு வாய்ப்புற்றிற்கு உண்டு. அது தொடக்கத்திலேயே கண்ணுக்குப் புலனாகும். கன்னத்தின் உட்புறத்து வெண்டிட்டு, செந்திட்டு, மூன்று வாரத்தில் ஆறாத புண் என்பவற்றைக் கண்டவுடன் மருத்துவரை அடைதல் வேண்டும். கலத்திற்குக் கண்ணளிக்கும் விஞ்ஞானம் தோட்டத்து எளியோரை எய்துங்காறும், மனிதரின் கண்ணே அவர்க்குக் காவல்.