இரும்புக்குப் பசித்திருக்கும் பூஞ்சைகள்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் க்யிம்யிண்டைங் வீடுகளில் வாங்கி வைத்த ரொட்டி இரண்டு நாள் தாங்குவதில்லை. அலமாரியில் இருக்கும் தோல் செருப்பிலும் பூஞ்சை பூத்துவிடுகிறது. இவற்றின் கண்ணுக்குத் தெரியாத வித்துகள் காற்றில் எப்போதும் உள்ளன. நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கிறோம். ஆனாலும் நம்மில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. இதற்கு வெள்ளை அணுக்களின் காவல் ஒரு காரணம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் இரும்புச்சத்து.

உடல் எப்படிப் பூட்டி வைக்கிறது?

வளர்ந்த ஒருவரின் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஒரு சிறிய ஆணியின் எடைதான். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ளது. மிச்சத்தில் பெரும்பகுதியை ஃபெரிட்டின் என்ற புரதம் சேமித்து வைக்கிறது. இரத்தத்தில் போகும் சிறிதளவு இரும்பையும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுகப் பிடித்துக்கொள்கிறது. தாய்ப்பாலிலும் கண்ணீரிலும் உள்ள லாக்டோஃபெரின் செய்வதும் இதே வேலைதான். கிருமி நுழைந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரந்து, இரத்தத்திற்கு வரும் இரும்பை மேலும் குறைத்துவிடும். இரும்பு இல்லாமல் பூஞ்சையால் வளர முடியாது. அதாவது, உடல் எதிரியைப் பட்டினி போடுகிறது.

பூஞ்சை என்ன செய்கிறது?

பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ், 'சிடரோஃபோர்' எனப்படும் பொருள்களைத் தானே தயாரித்து வெளியே அனுப்புகிறது. அவை தூண்டில் போல இரும்பைப் பிடித்துக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வாயிலும் பிறப்புறுப்பிலும் வெள்ளைப்படலம் உண்டாக்கும் காண்டிடாவுக்கு இந்தத் தூண்டிலைச் செய்யத் தெரியாது. அது பிற கிருமிகளின் சிடரோஃபோரைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஹீமோகுளோபினிலிருந்தும் ஃபெரிட்டினிலிருந்தும் கூட இரும்பை உருவி எடுக்கிறது. இவை தவிர, பஞ்ச காலத்தில் குடும்பம் செலவைச் சுருக்குவதுபோல, இரும்பு அதிகம் தேவைப்படும் வேலைகளைப் பூஞ்சை நிறுத்திவைத்துவிட்டு உள்ளதைக் கொண்டு பிழைக்கிறது.

பூட்டு திறந்தால்?

2021-ல் இந்தியாவில் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது பரவிய 'கருப்புப் பூஞ்சை' நோயை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் மருத்துவப் பெயர் மியூகோர்மைக்கோசிஸ். அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு இதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. ஜூன் இறுதிக்குள் நாடு முழுவதும் 40,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக மத்திய அரசு தெரிவித்தது. அவர்களில் நூற்றுக்கு 64 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பாதிக்கு மேற்பட்டோர் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்கள்.

இந்நோயை உண்டாக்குவதில் முதலிடம் ரொட்டிப் பூஞ்சையின் இனமான ரைசோபஸுக்கு. சர்க்கரை மிக அதிகமாகி இரத்தத்தில் அமிலம் சேரும்போது ('கீட்டோ அசிடோசிஸ்') டிரான்ஸ்ஃபெரினின் பிடி தளர்கிறது. பூட்டியிருந்த இரும்பு பூஞ்சைக்குக் கிடைத்துவிடுகிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுவதோடு வெள்ளை அணுக்களின் வேகத்தையும் குறைக்கிறது.

தலசீமியா உள்ள குடும்பங்களுக்கு

மியன்மாரில் தலசீமியாவும் ஹீமோகுளோபின் 'ஈ' கோளாறும் பரவலாக உள்ளவை. அடிக்கடி இரத்தம் ஏற்றும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பையிலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு சேர்கிறது. அதை வெளியேற்ற உடலுக்கு வழி இல்லை. எனவேதான் இரும்பை நீக்கும் மருந்து தரப்படுகிறது. அவற்றில் பழையதான டெஃபெராக்சமின், ஒரு பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்ட சிடரோஃபோர்தான். அது பிடித்த இரும்பை ரைசோபஸ் எளிதில் உருவிக்கொள்ளும். டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு இம்மருந்துடன் கருப்புப் பூஞ்சை வந்ததை 1980-களிலேயே மருத்துவர்கள் கவனித்தனர். டெஃபெராசிராக்ஸ், டெஃபெரிப்ரோன் ஆகியவை பூஞ்சைக்கு இப்படி உதவுவதில்லை. இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சேர்ந்த இரும்பு இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், அது போதும்.

நாம் செய்ய வேண்டியவை

* சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரை, இன்சுலினை விடாமல் எடுக்க வேண்டும். வாந்தி, மூச்சு வாங்குதல், அதிக தாகம் இருந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.
* உடம்பு வலிக்கும் சளிக்கும் கடையில் பெயர் தெரியாத மாத்திரைகளைக் கேட்டு வாங்காதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு இருக்கலாம்.
* சோகை என்றவுடன் இரும்பு டானிக் வாங்கிக் குடிக்காதீர்கள். தலசீமியாவாலும் சோகை வரும். முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும்.
* முகத்தில் ஒரு பக்கம் வீக்கம் அல்லது மரமரப்பு, மூக்கில் கருப்பு நீர், கண் வலி, பார்வை இரண்டாகத் தெரிதல், மேலண்ணத்தில் கருப்புத் திட்டு, பல் ஆட்டம் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆம்ஃபோடெரிசின் மருந்தும் அறுவை சிகிச்சையும் சீக்கிரம் தொடங்கினால்தான் கண்ணையும் உயிரையும் காப்பாற்ற முடியும்.

காற்றில் இருக்கும் வித்துகளை நம்மால் ஒழிக்க முடியாது. ஆனால் உடல் போட்டிருக்கும் பூட்டை நாமே திறந்துவிடாமல் இருக்க முடியும்.