மொழிகள் கூடும் சாவடி

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி என்னும் ஊர் உள்ளது. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கும் இடமாகும். பல ஊரினரும் அங்கு வந்து கூடி, இளைப்பாறியபின் தத்தம் வழியே பிரிந்து செல்வர். கணிப்பொறித் துறையிலும் இத்தகைய சாவடி ஒன்று உண்டு. அதுவே இடைநிலைக் குறிமுறை.

மக்கள் சி, ஃபோர்ட்ரான் முதலிய மொழிகளில் நிரல் எழுதுகின்றனர். கணிப்பொறியின் செயலியோ தனக்குரிய எண் கட்டளைகளையன்றி வேறொன்றும் அறியாது. ஆதலின் மொழிபெயர்ப்பதற்குத் தொகுப்பி என்னும் கருவிநிரல் வேண்டும். ஐந்து மொழிகளையும் நான்கு வகைச் செயலிகளையும் நேரே இணைப்பதாயின் 20 தொகுப்பிகள் தேவை. மொழிகள் யாவும் முதலில் ஓர் இடைநிலை வடிவை அடைந்து, அங்கிருந்து செயலிகளுக்குச் செல்லுமாயின், முற்பகுதி ஐந்தும் பிற்பகுதி நான்குமாக ஒன்பதே போதும்.

அவ்வடிவம் மிக எளியது. ‘கூலி = நாள் × 600 + படி’ என்பதைத் தொகுப்பி இரு சிறு கட்டளைகளாகப் பிரிக்கும். முதலாவது, ‘த1 = நாள் × 600’; அடுத்தது, ‘கூலி = த1 + படி’. த1 என்பது தொகுப்பி தானே இட்டுக்கொள்ளும் தற்காலிகப் பெயர். ஒரு கட்டளைக்கு ஒரு செயலே உண்டு. நாளின் மதிப்பு மாறாதிருக்க, அதே பெருக்கல் பின்னும் வருமாயின், மீண்டும் பெருக்காமல் த1-ஐயே எடுத்துக்கொள்ளலாம். இவ்வாறு சாவடியில் ஒருமுறை செய்யும் சீர்திருத்தம் எல்லாச் செயலிகளுக்கும் பயன்படுகின்றது.

உலகிற்கெல்லாம் பொதுவான ஓர் இடைமொழி வேண்டுமென்று 1958-ல் அமெரிக்க அறிஞர் சிலர் கருதினர். அதற்கு அன்கோல் என்று பெயரிட்டனர். அம்முயற்சி நிறைவேறவில்லை, எனினும் அதன் கருத்து அழியவில்லை. 1987-ல் வெளிவந்த ஜிசிசி என்னும் தொகுப்பியும், பின்னர்த் தோன்றிய எல்எல்விஎம் என்பதும் தத்தமக்கென இடைநிலை வடிவங்களைக் கொண்டுள்ளன.

இதன் பயனைத் தமிழ்நாட்டிலேயே காணலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் ‘சக்தி’ என்னும் செயலியை வடிவமைத்தனர். அச்செயலியில் 2018-ல் லினக்ஸ் இயங்கிற்று. நிரல் இல்லாத செயலி எண்ணெய் இல்லாத விளக்கை ஒக்கும். ஆயினும் சக்திக்கென எல்லா நிரல்களையும் புதிதாக எழுத வேண்டிய நிலை நேரவில்லை. ஏனெனில், அது ரிஸ்க்-வி என்னும் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவது. அத்தொகுதிக்குரிய பிற்பகுதி 2017-லேயே ஜிசிசியில் சேர்க்கப்பட்டிருந்தது. சாவடியிலிருந்து புதிய பாதை ஒன்று வெட்டப்பட்டது. பல்லாண்டுகளாக எழுதப்பட்ட நிரல்கள் அவ்வழியே சக்தியை வந்தடைந்தன.

ஒரு நாடு தனக்கு வேண்டும் கருவியைத் தானே சமைக்கத் துணிவதற்கு, கண்ணுக்குப் புலப்படாத இவ்விடைநிலையும் ஒரு துணையாகும்.