பேரழிவும் சட்டவாக்க சபையின் தொடர்ச்சியும்: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு நோக்கு

1978 செப்டெம்பர் 7இல் இலங்கையின் இரண்டாவது குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 23இல் சூறாவளி மட்டக்களப்பு வாவிக்கரையைச் சூறையாடிற்று. அனர்த்த காலத்திலும் பாராளுமன்றம் இயங்குதற்குரிய ஏற்பாடுகள் அந்த யாப்பின் இன்றைய வடிவில் மூன்று உள. 225 உறுப்பினருள் 20 பேர் இருப்பினே கூட்டநடப்பெண் நிறைவுறும். உறுப்பினர் வெற்றிடம் பொதுவாக இடைத்தேர்தலின்றி, அதே கட்சிப் பட்டியலில் அடுத்து நிற்பவரால் நிரப்பப்படும். கலைக்கப்பட்ட பாராளுமன்றத்தையும் அவசரநிலை தோன்றிற் சனாதிபதி மீளக் கூட்டலாம் என்கிறது உறுப்புரை 70(7).

“கூட்டலாம்” என்ற சொல்லிலேயே சிக்கல் உளது. 2020 மார்ச் 2இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது; கொள்ளைநோயாற் தேர்தல் ஓகஸ்ட் 5 வரை பிற்போடப்பட்டது. எதிர்க்கட்சிகள் கோரியும் பழைய சபை கூட்டப்படவில்லை. ஐந்து மாதங்களுக்கு மேலாக நாடு சட்டவாக்க சபையின்றி ஆளப்பட்டது.

மாகாண சபைகளுக்கோ இத்தகைய ஏற்பாடுதானும் இல்லை. ஐந்தாண்டு முடிந்ததும் சபை தானாகவே கலையும். 2017 செப்டெம்பரிற் கிழக்கு மாகாண சபை அவ்வாறே முடிவுற்றது, தேர்தல் நடைபெறவில்லை. சுகாதாரம் மாகாண அதிகாரங்களுள் ஒன்றாயிருந்தும், வாவிக்கரை மக்கள் கொள்ளைநோயைத் தம் சபையின்றி, ஆளுநரின் நிருவாகத்தின் கீழேயே எதிர்கொண்டனர்.

எனவே, மக்கட் பிரதிநிதிகளைக் கூட்டுதல் ஆட்சியாளரின் விருப்பமாகவன்றிக் கடமையாக விதிக்கப்படல் வேண்டும். அவ்விதி மாகாணத்துக்கும் உரியதாதல் வேண்டும்.