பத்துப் பேரில் ஒருவர்

மென்பொருள் நிறுவனம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவை குளிரூட்டிய அறையும் கை நிறையச் சம்பளமுந்தாம். வேலையில் சேர்ந்த பின் நம் உழைப்பை யார், எவ்வாறு அளப்பார்கள் என்று நாம் கேட்பதில்லை. மேலாண்மைப் பாடத்தில் பணி மதிப்பீடு பற்றிப் படித்தபோது எனக்கு இந்த ஐயம் எழுந்தது. அதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வரலாறு நல்ல விளக்கமாக அமைந்தது.

அங்கே 2013 வரை கட்டாயத் தரவரிசை முறை இருந்தது. மேலாளர் தம் குழுவினரைக் குறித்த விகிதப்படி பிரித்தே ஆக வேண்டும். பத்துப் பேர் கொண்ட குழுவில் இருவர் சிறந்தவர், எழுவர் நடுத்தரம், ஒருவர் தேறாதவர் என்பது போன்ற கணக்கு. பத்துப் பேரும் நன்றாக உழைத்திருந்தாலும் அந்த ஒருவரைக் கண்டுபிடித்தாக வேண்டும்! இவ்வகை முறையைப் புகழ் பெறச் செய்தவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச். அவருடைய கணக்கு 20, 70, 10 என்பது.

நம் பல்கலைக்கழகத் தேர்வில், வகுப்புக்கு எட்டுப் பேருக்கு மேல் முதல் வகுப்பு இல்லை என்று ஒரு விதி வந்தால் என்ன ஆகும்? தேர்வுக்கு முந்தின இரவு விடுதியில் யார் யாருக்குப் பாடம் சொல்லித் தருவார்கள்? மைக்ரோசாஃப்டிலும் அதுவே நடந்தது. திறமைசாலிகள் பிற திறமைசாலிகள் இருக்கும் குழுவில் சேரத் தயங்கினர். அங்கே போனால் தாம் கீழே இறங்க நேரிடும் அல்லவா? கர்ட் ஐக்கன்வால்ட் என்னும் இதழாளர் 2012-இல் வேனிட்டி ஃபேர் இதழில் எழுதிய கட்டுரைக்காகச் சந்தித்த ஊழியர் அனைவரும், நிறுவனத்துக்கு மிகுந்த கேடு செய்தது இம்முறையே என்றனராம்.

புள்ளியியல் படிப்போருக்கு இதில் இன்னொரு பிழையும் தெரியும். மணி வடிவ வளைகோடு பெருந்தொகையான, பொறுக்கி எடுக்கப்படாத கூட்டத்துக்குப் பொருந்துவது. கடினமான நேர்முகத் தேர்வில் சலித்தெடுத்த பத்துப் பேர் மீது அதைப் போர்த்துவது எப்படிச் சரியாகும்? மேலும் மென்பொருள் கூட்டு உழைப்பு. பிறர் எழுதிய நிரலில் உள்ள பிழையை அரை நாள் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தவரின் பங்கு எந்தப் பட்டியலிலும் ஏறாது.

மேலாளர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. விகிதம் இல்லையென்றால் மனக்கசப்புக்கு அஞ்சி எல்லோருக்கும் 'நன்று' என்று எழுதிவிடுவோர் உண்டு. (நம் அகமதிப்பீட்டு மதிப்பெண்களைப் பற்றி இங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை.)

2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் இம்முறையைக் கைவிட்டது. 2014 பிப்ரவரியில் ஐதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா தலைமை ஏற்றார். நீ என்ன செய்தாய் என்பதோடு, பிறருடைய வெற்றிக்கு எவ்வாறு உதவினாய், பிறர் செய்ததை எப்படிப் பயன்படுத்திக்கொண்டாய் என்பவையும் அங்கே மதிப்பீட்டுக் கேள்விகள் ஆயின. என்னைக் கேட்டால், அந்தக் கடைசிக் கேள்விதான் மிக நல்ல கேள்வி. அடுத்தவர் நிரலை எடுத்தாள்வது இழுக்கன்று என்று அது ஊழியருக்கு உணர்த்துகிறது.

என் பெரியம்மா மகள் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். பெயர் வேண்டாம். அங்கே கடைத் தரம் முறை வைத்துச் சுற்றி வருமாம். "போன வருஷம் அவருக்குப் போட்டாங்க, இந்த வருஷம் எனக்கு. புதுசா வந்தவங்க சண்டை போட மாட்டாங்கன்னு அவங்களுக்குத்தான் அடிக்கடி வரும்" என்றார். பின்னர் அங்கேயும் தரவரிசையை எடுத்துவிட்டார்கள். ஆனால் குழுவுக்கு ஒதுக்கும் ஊதிய உயர்வுத் தொகை கூடவில்லை. அதை யாருக்கு எவ்வளவு என்று மேலாளரே பிரிக்கிறார். என்ன கணக்கில் பிரித்தார் என்று கேட்டால் இப்போது காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை என்கிறார் அக்கா.