குடத்துக்குள் போன ஓலை

காஞ்சிபுரத்தில் தறி ஓசை கேட்கும் வீடுகளில் இன்னோர் ஓசைக்காகவும் காத்திருக்கிறார்கள். அது கைபேசியின் மணி. பட்டம் பெற்ற பிள்ளை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பேட்டிக்குப் போய் வந்திருக்கிறான். "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்களாம். மாதம் இரண்டு ஆகிவிட்டது.

"என்னப்பா, புதுப் பாவு பிணைக்கலாமா?" என்று தகப்பனார் கேட்கிறார். பிணைத்துவிட்டால் பாவு தீரும்வரை இருவரும் தறியை விட்டு எழ முடியாது. நாளைக்கே அழைப்பு வந்துவிட்டால்? பையன் விழிக்கிறான். தறி சும்மா கிடக்கிறது.

வேலை கொடுக்காதது குற்றமல்ல. ஓர் இடத்துக்கு நூறு பேர் வந்தால் தொண்ணூற்றொன்பது பேர் திரும்பத்தான் வேண்டும். ஆனால் 'இல்லை' என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுவது என்ன நியாயம்?

இதே மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போய்ப் பாருங்கள். ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் கல்லில் வெட்டி வைத்தார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். கணக்குக் காட்டாதவர் கூடாது என்றெல்லாம் தகுதிகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சபை நடுவே ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஓலையை வாங்கி உரக்கப் படித்தார்கள். நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கே அங்கு இடம். அதை நாம் புகழவில்லை. ஆனால் பெயர் வராதவரும் அங்கேயே முடிவைத் தெரிந்துகொண்டார்.

நம் சட்டமோ பாதி வழியில் நின்றுவிட்டது. வேலைவாய்ப்பகங்களுக்குக் காலி இடங்களை அறிவிக்கச் சொன்ன 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1960இல் விதிகள் வந்தன. தேர்வு முடிந்த 15 நாட்களுக்குள் முடிவை வேலைவாய்ப்பகத்துக்குத் தெரிவிக்கும்படி முதலாளிமாருக்கு அவை கட்டளையிட்டன. பேட்டிக்கு வந்தவனுக்குத் தெரிவிக்கச் சொல்லவில்லை!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அந்த மீதி வழியை நடந்திருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள், விளம்பரம் செய்த வேலைக்குப் பேட்டி கண்டால், 45 நாட்களுக்குள் முடிவு ஆயிற்றா என்று வந்தவருக்குச் சொல்லியாக வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் இது அங்கே விதி.

சட்டம் வரும்வரை காத்திருப்பானேன்? "தங்களுக்கு இம்முறை இடமில்லை" என்று ஒரு வரி அனுப்பச் செலவு ஒன்றுமில்லை. அந்த வரி வந்த அன்றே தகப்பனார் பாவு பிணைத்துவிடுவார். பிள்ளையும் வேறு வாசலைத் தேடிப் புறப்படுவான்.