நின்று துடுப்பிடும் அலைச்சறுக்கு: பயிற்சி முறையும் கருவித் தேர்வும்

மிதக்கும் பலகையொன்றின் மீது நின்றவாறே நீண்ட துடுப்பினால் நீரைத் தள்ளிச் செல்வதும், அலை எழும்போது அதன் சரிவில் சறுக்கி இறங்குவதும் நின்று துடுப்பிடும் அலைச்சறுக்கு எனப்படும். ஹவாய்த் தீவுகளின் வைக்கீக்கி கடற்கரையில், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அலைச்சறுக்குக் கற்பித்தோர் சிலர் இவ்வாறு நின்று துடுப்பிட்டனர். தம் மாணாக்கரைக் கண்காணிக்கவும் புகைப்படம் எடுக்கவும் இது வசதியாக இருந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா முதலியோர் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தனர். நம் நாட்டில், கர்நாடகத்தின் சாம்பவி, நந்தினி ஆறுகள் கடலோடு கலக்கும் சசிஹித்லு கரையில் 2024 மார்ச் மாதம் சர்வதேசப் போட்டியொன்று நடைபெற்றது.

மிதப்பு, சமநிலை, காற்று ஆகியவற்றின் விதிகளை அறிந்தவருக்கு இக்கலை எளிதில் கைவரும். அவ்விதிகளை அறியாதவர் எத்துணை வலிமை உடையவராயினும் இடருக்கு உள்ளாகலாம். ஆதலின் கருவிகளைப் பற்றியும் முறைகளைப் பற்றியும் இங்கு ஒருசேரக் கூறப்படுகிறது.

பலகையின் அளவு

ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஒரு கிலோகிராம். எனவே, 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரும் 10 கிலோகிராம் எடையுள்ள பலகையும் மிதப்பதற்கு ஏறத்தாழ 80 லிட்டர் நீர் விலக்கப்பட்டாற் போதும். ஆனால் 80 லிட்டர் மட்டுமே கொள்ளளவுள்ள பலகை நீர்மட்டத்திற்கு அமிழ்ந்துவிடும். கால் சற்றே நகர்ந்தாலும் ஒரு முனை மூழ்கும். ஆகையால் புதிதாகப் பயில்வோர், தம் எடையைப் போல் சுமார் இருமடங்கு லிட்டர் கொள்ளளவுள்ள பலகையைக் கொள்வது நன்று.

அகலமும் கவனிக்கத்தக்கது. பலகை பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் ஆற்றல், அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. 76 சென்டிமீட்டர் அகலத்தை 84 ஆக்கினால் அகலம் பத்தில் ஒரு பங்கே மிகுகிறது. சாய்வைத் தடுக்கும் ஆற்றலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிகுகிறது. நீளமான பலகை விரைந்தும் நேராகவும் செல்லும். குட்டையான பலகை எளிதில் திரும்பும். பொதுப் பயிற்சிக்கு 3 முதல் 3.3 மீட்டர் வரை நீளம் ஏற்றது. போட்டிகளில் காணப்படும் 4.27 மீட்டர் பலகையைத் தொடக்கத்திலேயே வாங்குவது வீண் செலவு.

காற்றடைத்துப் பயன்படுத்தும் பலகை எடுத்துச் செல்லவும் சேமித்து வைக்கவும் வசதியானது. இதில் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் வரை காற்று அடைப்பர். தயாரிப்பாளர் குறித்த அளவையே பின்பற்றவேண்டும். அழுத்தம் குறைந்தால் பலகை நடுவில் வளைந்து வேகம் குன்றும். வெயிலில் கிடந்தால் உள்ளிருக்கும் காற்று சூடேறி அழுத்தம் மிகும். ஆகவே கரையில் வைக்கும்போது நிழல் தேடுதல் வேண்டும்.

துடுப்பும் அதனைச் செலுத்தும் முறையும்

அமைதியான நீரில், துடுப்பின் நீளம் பயில்வோரின் உயரத்தைக் காட்டிலும் 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை மிகுதியாக இருக்கலாம். அலையில் இதனினும் குட்டையான துடுப்பு கையாள எளிது. துடுப்பின் தட்டுப் பாகம் காம்பிலிருந்து சிறிது சாய்ந்திருக்கும். அச்சாய்வு முன்னோக்கி இருக்குமாறு பிடிக்கவேண்டும். புதியவர் பலர் இதனை மாற்றிப் பிடித்து நீரை வீணே மேலே அள்ளுகின்றனர்.

பலகையின் நடுவில், தோளகல இடைவெளியில் பாதங்களை இணையாக வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி நிற்கவேண்டும். பார்வை அடிவானத்தில் இருத்தல் வேண்டும்; பாதங்களையே நோக்குவோர் விரைவில் சமநிலை இழப்பர். தட்டுப் பாகத்தை முன்னே நீட்டி முழுவதும் நீரில் அமிழ்த்திய பின்னரே இழுக்கவேண்டும். இழுப்பு கணுக்காலருகே முடிவுற வேண்டும். அதற்கப்பால் இழுத்தால் பலகையின் பின்பகுதி கீழ்நோக்கி அழுந்துமேயன்றி வேகம் கூடாது. காம்பு நிமிர்ந்து நின்று, தட்டு பலகையின் ஓரத்தை ஒட்டிச் செல்லுமாயின் பலகை நேராகச் செல்லும். விலகிய வளைவில் வீசினால் திரும்பும். கைகளைக் காட்டிலும் இடுப்பையும் உடலையும் திருப்பி இழுப்பவர் எளிதில் களைப்படைவதில்லை.

அலையில் ஏறுதல்

ஆழங்குறைந்த நீரில் அலையின் வேகத்தை ஆழமே நிர்ணயிக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். துடுப்பிடுவோரின் வேகம் பெரும்பாலும் இதனினும் குறைவு. குறைபடும் வேகத்தை அலையின் சரிவே அளிக்கிறது. ஆதலின் அலை வருமுன்பே பலகையைக் கரைநோக்கித் திருப்பி, விரைவான குறுகிய வீச்சுக்களால் வேகத்தை மிகுதிப்படுத்த வேண்டும். பின்புறம் உயர்வதை உணர்ந்தவுடன் ஒரு காலைப் பின்னே வைத்தல் முறை. இல்லையேல் முன்முனை நீரில் புதைந்துவிடும். விழ நேர்ந்தால் பலகையினின்று விலகிப் பக்கவாட்டில் விழவேண்டும். தலைகீழாகப் பாய்தல் கூடாது. நீராடுவோர் கூடிய இடத்தில் அலையேறுதல் தகாது.

காற்றும் காப்பும்

நின்றிருக்கும் மனிதனின் உடல் பாய்மரம் போலக் காற்றை ஏற்கிறது. காற்றின் வேகம் இருமடங்காயின் அதன் விசை நான்கு மடங்காகும். காலை வேளையில் நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் நிலக்காற்று மிகவும் ஏமாற்றக்கூடியது. கரையோர நீர் அமைதியாகவே தோன்றும். தொலைவு செல்லச் செல்லக் காற்று வலுக்கும். திரும்பும்போது அதுவே எதிர்க்காற்றாகும். கழிமுகங்களில் வற்றும் ஓதமும் ஆற்றுநீரும் சேர்ந்து பலகையைக் கடலுக்கு இழுக்கும். எனவே முதலில் எதிர்க்காற்றில் சென்று, பின்னர் காற்றுடன் திரும்புதல் நல்வழக்கம். காற்று வலுத்தால் மண்டியிட வேண்டும். மேலும் வலுத்தால் பலகைமீது குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளிவரவேண்டும்.

மிதவை அங்கி அணியாமல் எவரும் புறப்படலாகாது. கடலில், பலகையுடன் காலைப் பிணைக்கும் கயிறு உயிர்காக்கும். பலகை கைவிட்டு அகன்றால், நீந்தி அதனை எட்டுவது அரிது. ஓடும் ஆற்றிலோ அதே கயிறு மரவேர்களிலும் பாறைகளிலும் சிக்கி உயிருக்கே உலையாகலாம். அங்கு, இழுத்தவுடன் விடுபடும் இடுப்புக் கச்சையில் கயிற்றைப் பிணைத்தலே முறை. மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொந்தளிக்கும் கடலைத் தவிர்த்தல் வேண்டும்.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், நீந்தத் தெரிந்தவரை மட்டுமே நீரில் இறக்கி, காற்றின் திசையையும் ஓத நேரத்தையும் முன்னரே அவர்களைக் கொண்டே குறித்து வைக்கச் செய்வாராக. புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் கரையிலிருக்கும் ஒருவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். வகுப்பறையில் கற்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைத் தம் பாதங்களுக்கடியில் உணரும் மாணவர் அதனை எளிதில் மறப்பதில்லை.