"லினக்ஸ்ல ஓடாதுங்க"

கேமரா கார்டை ரீடரில் போட்டு, ரீடரைக் கணினியில் செருகினால் எதுவும் வரவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் முதல் கேள்வி, "என்ன சிஸ்டம் வச்சிருக்கீங்க?" லினக்ஸ் என்றதும், "அதுல ஓடாதுங்க" என்று ரீடர் நம் கைக்கே திரும்பிவிடும். முந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு யார் மல்லுக்கட்டுவது என்று நாமும் படியிறங்கிவிடுகிறோம்.

அந்தப் பதிலை அப்படியே ஏற்க வேண்டாம். வெளியே செருகும் யூஎஸ்பி ரீடர்களில் பெரும்பாலானவை, பென்டிரைவ் பேசும் அதே 'மாஸ் ஸ்டோரேஜ்' மொழியைத்தான் பேசுகின்றன. அதற்கான டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. மடிக்கணினியோடு பொருத்தி வரும் ரீடர்கள் சிலவற்றில் டிரைவர் சிக்கல் உண்டு. அது வேறு கதை.

கோளாறு எங்கே என்பதைக் கணினியே சொல்லும். டெர்மினலில் 'சூடோ', அடுத்து டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்து, பிறகு மைனஸ் டபிள்யூ. இதை அடித்துவிட்டு ரீடரைச் செருகுங்கள். ஒரு வரிகூட வராவிட்டால் போர்ட்டோ, கேபிளோ, ரீடரோ செத்திருக்கிறது. 'எரர் -71', 'எரர் -110' என்று மாறி மாறி வந்தால் பேச்சு பாதியில் அறுகிறது என்று பொருள். ஹப்பைக் கழற்றிவிட்டு, மேசைக் கணினியானால் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். முன்பக்க போர்ட் உள்ளே ஒரு வயர் வழியாகத்தான் மதர்போர்டைத் தொடுகிறது.

ரீடர் தெரிந்து, கார்டு மட்டும் தெரியவில்லையா? எஸ்டிஎச்சி காலத்து ரீடர் 32 ஜிபி வரைக்கும்தான். அதற்கு மேற்பட்ட கார்டை அது படிக்காமல் போகலாம். கார்டு தெரிந்தும் திறக்கவில்லை என்றால் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையைச் சந்தேகியுங்கள். 2020-இல் வந்த 5.7 கர்னலிலிருந்துதான் அதற்கு லினக்ஸில் முழுமையான இடம் கிடைத்தது. எழுத மட்டும் மறுத்தால் கார்டின் ஓரத்திலுள்ள பூட்டைப் பாருங்கள். அரை நாள் தேடிவிட்டுக் கடைசியில் நான் நகத்தால் தள்ளியது அதைத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே கார்டை வேறு ரீடரிலும், வேறு கார்டை அதே ரீடரிலும் போட்டுப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். கடையில் காட்ட, இந்தச் சோதனையைக் கைபேசியில் படம்பிடித்து வையுங்கள்.

கார்டே குற்றவாளியானால் அவசரப்படாதீர்கள். 'ஃபார்மேட் செய்யவா' என்று கேமரா கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழுதான கார்டிலேயே நேரடியாகப் பழுதுநீக்கும் கட்டளைகளை ஓட்டினால் இருப்பதும் போகும். 'டிடிரெஸ்க்யூ' கொண்டு முழுக் கார்டையும் வேறு வட்டில் ஒரு கோப்பாக நகலெடுத்துவிட்டு, அந்த நகலில் 'ஃபோட்டோரெக்' ஓட்டிப் படங்களைத் தேடுங்கள். வாரண்டியில் புதுக் கார்டு கிடைக்கும். அதிலிருந்த கல்யாணப் படத்துக்குப் பொதுவாக யாரும் பொறுப்பேற்பதில்லை.

ரீடர்தான் பழுது என்றால் ரசீதோடு கடைக்குப் போகலாம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அதில் அச்சடித்திருந்தால் பின்வாங்க வேண்டாம். குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. ரசீது தர மறுப்பதும் அதே கணக்கில்தான் சேரும். இணையத்தில் வாங்கியிருந்தால், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதிலும் பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் நீங்களே, வக்கீல் இல்லாமல், வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

கடையில், "கார்டையும் விட்டுட்டுப் போங்க, செக் பண்ணி வைக்கிறோம்" என்பார்கள். ரீடரை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். அழித்த படங்களை உங்களுக்கு மீட்டுத் தந்த ஃபோட்டோரெக் அவர்கள் கணினியிலும் ஓடும்.